பூஜ்யத்திலிருந்து நூறு: மாப்பிள்ளைக்கு ஓர் அறிக்கை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி, குழந்தை எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்று எழுதும்போது என் வலது காலையும் அதில் சேர்த்துக்கொள்ளவும். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். கப்பலில் சாப்பாடும் தூக்கமும் வேளாவேளைக்குக் கிடைக்கிறதா, இன்ஜின் அறைக்குள் போகும்போது காதை அடைத்துக்கொள்கிறீர்களா என்று உங்கள் அத்தை கேட்கச் சொன்னாள். கப்பலுக்கு ஃபோன் போட்டால் பாதிப் பேச்சு கடலில் விழுந்துவிடுகிறது. இந்த விஷயத்தைப் பாதி மட்டும் கேட்டால் நீங்களும் கடலில் விழுந்துவிடுவீர்கள் என்று பயந்து, முழுவதையும் கடிதமாக எழுதி உங்கள் கம்பெனி ஆபீஸ் மூலம் அனுப்புகிறேன். உங்கள் மனைவியிடமும், கடிதம் போய்ச் சேரும்வரை மூச்சு விடாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்களுக்கு நன்றி. முப்பத்து நான்கு வருடம் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி, கண்ணில் பட்ட தராசையெல்லாம் சந்தேகப்பட்டே ஓய்வு பெற்றவன் நான். சந்தேகப்பட்டுப் பழகிய வாய்க்கு நன்றி சொல்ல லேசில் வராது. கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் உங்கள் பழைய காரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையனுக்குப் பொண்ணக் குடுத்தா, அவளையும் ஒருநாள் பிரிச்சுப் பாத்துடுவான்" என்று உங்கள் அத்தையிடம் சொன்னவன் நான். அதை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்; கடிதம் என்பதால் பேசவும் முடியாது.

நீங்கள் கப்பல் ஏறிய மறுநாள், வேகம் கூட்டுவதற்கு நீங்கள் டியூன் செய்யக் கொடுத்திருந்த டீசல் கார் தயாராகிவிட்டதென்று மெக்கானிக் சொல்லியனுப்பினார். அவரை எல்லோரும் மௌனி என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசினால் அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும்போல. நான் போய்ச் சேர்ந்தபோது கார் மூடின கதவோடு சுத்தமாக நின்றது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அவர் கையில் ஸ்பானர் இல்லை, மடியில் ஒரு லேப்டாப் இருந்தது.

"என்ன மாத்துனீங்க?" என்றேன்.

"மேப்பு."

"எந்த ஊர் மேப்பு?"

"இன்ஜின் மேப்பு சார். எந்த நேரத்துல எவ்வளவு டீசல், எவ்வளவு காத்து குடுக்கணும்னு உள்ள ஒரு கணக்கு இருக்கு. அத மாத்தி எழுதியிருக்கேன்."

அவ்வளவுதான், அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டது. காரில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், ஆபீஸ் குமாஸ்தா மாதிரி உட்கார்ந்து டைப் அடித்தால் வண்டி வேகமாக ஓடும் என்பதை என் மூளை அங்கேயே நிராகரித்துவிட்டது. இருந்தாலும் மாப்பிள்ளை வார்த்தையாயிற்றே என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிவைத்துவிட்டுப் போன சீட்டை எடுத்துப் படித்தேன். "மாமா, டியூன் பண்றதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போக வண்டி எடுத்துக்கிட்டது 12.4 செகண்ட். இப்ப எவ்வளவுன்னு மட்டும் அளந்து வைங்க. அளக்கற ஆப் உங்க ஃபோன்லயே போட்டுட்டேன். ஒரு கஷ்டமும் இல்ல." மாப்பிள்ளை, ஒரு கஷ்டமும் இல்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை நான் இனிமேல் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித்தான் நம்புவேன்.

ஆப்பைத் திறந்ததும் அது கேட்ட முதல் கேள்வி: வண்டியின் மொத்த எடை, ஆட்கள் உட்பட. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் எதற்கும் எடை கேட்டதில்லை. வண்டி எடை புத்தகத்தில் இருக்கிறது. என் எடை எனக்குத் தெரியும். ஆனால் நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொள்ள உங்கள் அத்தை வர வேண்டும். சமையலறை வாசலில் நின்று, "உன் எடை என்ன?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"காரோட வேகம் பாக்கத்தானே மாப்ள சொன்னாரு? என்னை எதுக்கு நிறுக்கறீங்க?"

"நான் கேக்கல. ஆப்பு கேக்குது."

"மாப்ள நமக்கு நல்லா ஆப்பு வெச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் ஓடும்போது கேட்கும் கேள்விகளுக்கு நம் வீட்டில் பதில் கிடையாது.

சரி, குத்துமதிப்பாக ஒன்றைப் போடுவோம் என்று விட முடியுமா? கை கூசுகிறது. பழைய இரும்புக் கிடங்கில் ஒரு லாரி எடைமேடை இருக்கிறதே, அங்கே காரை ஓட்டிக்கொண்டு போனேன். அத்தையும் வந்தாள், எதற்கு என்று நான் விளக்கமாகச் சொல்லவில்லை. உள்ளே போன பிறகுதான், எட்டு வருடத்துக்கு முன்னால் நான் சீல் வைத்த மேடை அது என்பது ஞாபகம் வந்தது. மேடைக்காரருக்கு ஞாபகப்படுத்தவே தேவையிருக்கவில்லை. எழுந்து நின்று, "வாங்க சார் வாங்க, இன்னைக்கு நீங்க ஏறுங்க, நான் பாக்கறேன்" என்றார். இரண்டு பேரோடு காரை ஏற்றினால் 1480. அத்தையை இறங்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால் 1400. இது ஆபீசுக்குள் காகிதத்தில் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் புதிதாக, உள்ளங்கை அகலச் சிவப்பு எழுத்தில், வாசலில் எடை காட்டும் பலகை ஒன்று வைத்திருக்கிறார். வரிசையில் நின்ற நான்கு லாரிக்காரர்களும் 1480-இலிருந்து 1400-ஐக் கழித்துவிட்டு, இறங்கி நின்ற அத்தையைப் பார்த்தார்கள்.

"நான் எண்பதா?" என்றாள் அத்தை.

"இல்லம்மா, இந்த மேடை இருபது இருபதாத்தான் காட்டும். நீ அறுபதுக்கு மேல, நூறுக்குக் கீழ, நடுவுல எங்கயோ..."

"நூறா?"

மேடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "அன்னைக்கு இருபது கிலோ தப்புன்னு சீல் வெச்சீங்களே சார். இன்னைக்கு அம்மா விஷயத்துல மட்டும் இருபது கிலோ பரவாயில்லயா?" என் வாழ்நாளில் நான் காசை மேஜையில் வைத்துவிட்டு அவசரமாக இறங்கிப்போன ஒரே எடைமேடை அதுதான். ஆப்பில் அறுபத்தெட்டு என்று அத்தையே தன் கையால் போட்டுக்கொடுத்தாள். அதை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை.

அளக்கிற இடத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர் மௌனி. பயிருக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானங்கள் ஒரு காலத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஓடுதளம். இப்போது டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டமே கிடையாது, கோடு போட்ட மாதிரி ஒன்றேகால் கிலோமீட்டர் நேர் பாதை. ஃபோனை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகைமேல் ஒரு துண்டை மடித்துப்போட்டு வைத்தேன். "ரெடி" என்றேன். "உம்" என்றாள் அத்தை. எடைமேடைக்குப் பிறகு அவள் பேசிய இரண்டாவது சொல். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினேன். மாப்பிள்ளை, டைப் அடித்தால் ஓடும் என்பதை அந்த நொடியில் ஒப்புக்கொண்டேன். கார் முதுகில் ஒரு தள்ளு தள்ளியது பாருங்கள், துண்டு ஃபோனோடு எழுந்து அத்தை மடியில் விழுந்து, மடியிலிருந்து சீட்டுக்கடியில் போய்விட்டது. நிறுத்திவிட்டுத் தேடினால், சீட்டுக்கடியிலிருந்து ஒரு பெண் குரல் உற்சாகமாக, "வாழ்த்துகள்! 2.9 வினாடி! இது உங்கள் புதிய சாதனை!" என்கிறது. ஃபோன் விழுந்த வேகத்தைக் காரின் வேகம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"நம்ம வண்டி ராக்கெட்டாங்க?" என்றாள் அத்தை. அத்துடன் பேச்சுவார்த்தை மறுபடி துவங்கியது. அதற்கும் உங்களுக்கு நன்றி.

அந்த 2.9-ஐ அப்படியே உங்களுக்கு அனுப்பியிருந்தால் நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், மௌனிக்கும் பேர் கிடைத்திருக்கும். ஆனால் மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துப்போகாமல் முத்திரை வைத்ததில்லை நான். கண்ணாடியில் கவ்விப்பிடிக்கும் தாங்கி ஒன்றை வாங்கி மாட்டி, அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். முதல் ஓட்டம் 14.8. இரண்டாவது 15.1. மூன்றாவது 14.9. மூன்றும் ஒத்துப்போயின. டியூன் செய்வதற்கு முன்னால் 12.4 எடுத்த கார், டியூன் செய்த பிறகு பதினைந்து எடுக்கிறது! ஆப்பு போடும் வரைபடத்தைப் பார்த்தால், ஆரம்பத்தில் கோடு அழகாக மேலே ஏறுகிறது. ஆறாவது ஏழாவது வினாடியில் திடீரென்று பள்ளத்தில் விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்து போகிறது. கியரைக் காரே மாற்றிக்கொள்வதால் அதற்கும் என்மேல் பழி சொல்ல முடியாது. மூன்று ஓட்டத்திலும் அதே இடத்தில் அதே பள்ளம்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மேஜையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் ஒன்று எழுதினேன். பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு எல்லாம் போட்டு, ஏழு நாளைக்குள் பதில் வராவிட்டால் மேல் நடவடிக்கை என்று முடித்தேன். மேல் நடவடிக்கைக்கு எனக்கு மேலே யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை என்பது கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. இருந்தாலும் திங்கட்கிழமை காலை, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதே காரில் நேராகப் பட்டறைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு அத்தையும் வீட்டிலிருந்தே கூட ஏறிக்கொண்டிருந்தாள். அங்கே மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் பேசியதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "எடைக்கல்லுல ஓட்டை போட்டவன ஆயிரம் பேரப் பாத்திருக்கேன், இன்ஜின்ல ஓட்டை போட்டவன இன்னைக்குத்தான் பாக்கறேன். கப்பல்ல போனவன் திரும்பி வரமாட்டான்னு நெனச்சுட்டியா?" என்று கேட்டேன். ஒரு வாடிக்கையாளர் தன் கார் சாவியைப் பட்டென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மௌனி கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். கோபப்படவில்லை. அந்த மூன்று வரைபடங்களையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "யார் சார் ஓட்டுனது?" என்றார்.

"நான்தான். ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"வண்டில உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். இன்ஜினைப் போடவில்லை, சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்று அதில் பெரிதாக ஒரு எண் தெரியுமாம். "முழுசா அழுத்திப் புடிங்க. விடாதீங்க" என்றார். அழுத்தினேன். 100 என்று காட்டியது. "அப்படியே இருங்க." இருந்தேன். 100... 100... 96. 88. 71.

"விட்டுட்டீங்களே சார்."

"யார் விட்டது? அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்! உங்க லேப்டாப்புலயும் ஓட்டை!"

அவர் கதவோரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்தேன். மாப்பிள்ளை, என் கால் என்கிட்டே சொல்லாமல் மேலே வந்திருந்தது. மனதில் நான் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் பெடல் பாதி தூரம் எழும்பி நிற்கிறது. என் பாதம்தான், என் செருப்புதான், ஆனால் யாரோ வாடகைக்கு இருப்பவனுடைய கால் மாதிரி தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

"கோளாறு கார்ல இல்ல சார். கால்ல" என்றார் மௌனி. "வண்டி கேட்டதக் குடுத்திருக்கு. நீங்க கேக்கறதுதான் கொறஞ்சிருக்கு."

அத்தை அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்து, என் செருப்பைக் கழற்றி, சுண்டுவிரல் பக்கம் ஏதோ செய்தாள். "என்ன பண்ற?" என்றேன். "கிள்ளி முடிச்சுட்டேங்க" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் கிள்ளினால் எப்படி இருக்கும் என்பதை நான் நன்றாக அறிவேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் அந்த மனிதர், மூன்று பேர் முன்னால் நான் கண்டபடி பேசிய மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "பிரேக்கும் அதே கால்தானே சார்."

இதை நான் எப்படி எழுதுவேன்? அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, வழியெல்லாம் அவள் கேட்ட நூறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, உங்கள் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். தினமும் காலையில் அதே கால். உங்கள் மனைவி வேலைக்குச் சீக்கிரம் கிளம்புவதால் குழந்தை என் பொறுப்பு. நாலு சாலை கூடும் இடத்தில் சிவப்பு விளக்குக்கு எத்தனை முறை அழுத்திப் பிடித்தபடி நின்றிருப்பேன்! இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. என் கையில் இருந்த நோட்டீஸ் ஈரமாகிவிட்டது. நான் சாவியை அத்தையிடம் கொடுத்தேன். இல்லை, உண்மையை எழுதுகிறேன்: அவளே எடுத்துக்கொண்டாள்.

நேராக டாக்டர். அந்த அம்மா என்னை நிற்கவைத்து, ஒவ்வொரு காலாக விரல் நுனியில் எக்கி நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றேன். வலது காலில் நிற்க மனது எழும்பியது, உடம்பு எழும்பவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி, பாதத்துக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறதாம். "வலியே இல்லையா?" என்றார். இல்லை. "வலி இருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டிருந்தா இந்தப் பாதம் திரும்பிக் கெடைச்சிருக்காது. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

மாப்பிள்ளையின் டீசல் காரை டியூன் செய்து ஆப்பில் அளந்ததில் கண்டுபிடித்தோம் என்று சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டு, என் முதுகு ஸ்கேனையும் காரின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் பார்த்தார்கள். அந்த இன்னொருவர் முதுகைவிடக் காரைத்தான் அதிக நேரம் பார்த்தார். "டர்போ மாத்துனீங்களா, இல்ல வெறும் மேப்பா?" என்று கேட்டார். "வெறும் மேப்புதான்" என்று, விஷயம் தெரிந்தவன்போலச் சொன்னேன். என் மருத்துவக் கோப்பில் இப்போது, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் நடுவில், உங்கள் காரின் பூஜ்யத்திலிருந்து நூறும் இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்றோடு ஏழு வாரம். முதல் வாரம் கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலை அசைத்துப் பார்ப்பதுதான் வேலை. ஒருநாள் காலையில் உங்கள் மனைவி போர்வையைச் சரிசெய்யும்போது பாதத்தில் அவள் வளையல் பட்டது, சில்லென்று இருந்தது. "வளையல்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் வளையல் தொலைந்துவிட்டதோ என்று கையைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு குழந்தை வந்து, அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டு, காரணம் தெரிந்துகொண்டு, அன்று முழுவதும் வளையலால் என் காலைச் சோதித்தது. அந்தப் பரிசோதனையில் மூன்று முறை என்ற கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

நடக்க ஆரம்பித்ததும் முதலில் போன இடம் மௌனியின் பட்டறை. கம்பி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்கு இருந்த மாதிரியே மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். அவர் எதிரில், "இவர்மேல நான் சொன்னது அத்தனையும் தப்பு" என்று சொல்லி நோட்டீஸைக் கிழித்துப்போட்டேன். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. மௌனியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆச்சரியமாக அவரே வாய் திறந்தார்.

"நீங்க மூணு தடவ அளந்தீங்க சார். ஒரு தடவயோட விட்டிருந்தா நானும் டயர்ல காத்து கம்மின்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

திட்டு வாங்கியவர் திட்டியவனுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்துக் காரைக் கொடுத்த உங்களுக்கு நான் எத்தனை முறை நன்றி சொல்வது!

இன்னும் ஒரு பாக்கி இருந்தது. டியூன் சரியா தப்பா என்ற தீர்ப்பு எழுதப்படாமலே கிடந்தது. மௌனியின் பேரைச் சுத்தப்படுத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. நான் ஓட்டக்கூடாது. உங்கள் மனைவி அந்த ஓடுதளத்தின் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். மௌனி ஓட்டினால் தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தியதுபோல ஆகும். யோசித்துக்கொண்டே இருந்தேன். "நான் ஓட்டறேங்க" என்றாள் உங்கள் அத்தை.

அத்தை நகராட்சி நடமாடும் நூலக வண்டியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள் என்பது உங்களுக்குக் கதையாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுக் காரின் ஸ்டியரிங் என் கைக்கு வந்துவிட்டது. அவளாகக் கேட்டதுமில்லை, நானாகக் கொடுத்ததுமில்லை. போன ஞாயிறு, ஓடுதளத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் மௌனி. அத்தை சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னலோரம் போய், "பயமா இருந்தா பாதியில விட்டுடு" என்றேன்.

"இருபத்திரண்டு வருஷம் புத்தகம் சரியாம ஓட்டினேன்" என்றாள். "இன்னைக்கு வண்டியில புத்தகம் இல்ல."

கார் போனதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நின்றுகொண்டிருந்தது, பிறகு தூரத்தில் இருந்தது. புகைகூட இல்லை. எனக்குப் பக்கத்தில் மௌனி தன்னை மறந்து "அம்மாடி" என்றார். திரும்பி வந்து ஜன்னலை இறக்கி ஃபோனை நீட்டினாள்: 10.3. "ஒண்ணு போதுமா?" என்றேன், கொஞ்சம் பயந்துகொண்டே. "மூணுதானே உங்க கணக்கு?" என்று மறுபடி போனாள். 10.1. பிறகு 10.2. கோடு மூன்றிலும் வெண்ணெயில் கத்தி இழுத்த மாதிரி ஏறியிருந்தது. அவள் தலையிலிருந்து ஒரு முடி கலையவில்லை. எனக்கு அவளைப் பெண் பார்க்கப் போனபோது இவ்வளவு படபடப்பு இருந்ததா என்று ஞாபகமில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட தகவல்: முன்பு 12.4, இப்போது சராசரி 10.2. மௌனியின் வேலை குற்றமற்றது என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன். நீங்கள் ஓர் எண்ணைக் கேட்டீர்கள். எனக்கு ஒரு காலைக் கொடுத்தீர்கள். குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். இதற்கு ஈடாக என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் மட்டும்தான்.

இத்தோடு சில முடிவுகளும் எடுத்திருக்கிறேன். இந்த வேகம் நம் குடும்பத்துக்குத் தேவையில்லை. பழைய மேப்பையே திரும்பப் போட்டுவிடும்படி மௌனியிடம் சொல்லி, திங்கட்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டேன். அதுவரை காரை உறைபோட்டு மூடிவைத்திருக்கிறேன். ஆப்பையும் என் ஃபோனிலிருந்து நீக்கிவிட்டேன். அளந்தது போதும், இனி அளவில்லாமல் நிம்மதியாக இருக்கப் போகிறேன். உங்கள் அத்தையும் இதையெல்லாம் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அலை உங்களைச் சுமந்து போகட்டும், ஆட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். உங்கள் இன்ஜின்கள் எல்லாம் முறையாக மூச்சு விடட்டும். நீங்கள் நெடுநாள் நலமாக இருந்து, உங்கள் மகள் கார் ஓட்டப் பழகும் நாளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னைப்போலவே பயப்படும் பாக்கியம் பெற வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் நன்றியுள்ள,
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. கடிதத்தை ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். திங்கட்கிழமை நேரத்தை நான் அப்போதே ரத்து செய்துவிட்டேன். பழைய மேப்பெல்லாம் ஒன்றும் போடவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது இப்போது நான்தான், சாலையில் நாற்பதைத் தாண்டமாட்டேன், கவலை வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடுதளம் எனக்கு வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரரிடம் வருடம் முழுவதற்கும் சொல்லி வைத்துவிட்டேன். மௌனி, டர்போவையும் மாற்றினால் ஒன்பதுக்குள் வரும் என்கிறார், அவரே கூப்பிட்டுச் சொன்னார், அரைமணி நேரம் பேசினார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று உடனே எழுதவும். காருக்கு உறை என்று ஒன்று நம் வீட்டில் கிடையவே கிடையாது. ஆப்பை நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாரே, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் அவர் அதே ஃபோனை மார்பில் கட்டிக்கொண்டு, படுக்கையறையிலிருந்து வாசல்வரை விறுவிறுவென்று நடந்துகொண்டிருக்கிறார், குழந்தை பின்னாலேயே ஓடுகிறது. இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் வாழ்த்துகள் என்கிறது, இவரும் அதற்கு நின்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்புகிறார்.